தருமபுரியிலிருந்து வெளியூர் போன இளைஞர்களிடம் பேச வேண்டும், உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகள் பதினெட்டு, இருபது வயதில் ஊரைவிட்டு எங்கே போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்பதை முதுகலை ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இடம்பெயர்ந்த காரணத்தைக் கேட்டது. ஆனால் வேலை, தொழில், படிப்பு, திருமணம் என்று ஆளுக்கு ஒரே ஒரு காரணத்தைத்தான் பதிந்தது.

போன ஞாயிறு இரவு பென்னாகரம் பஸ் நிலையத்தில் திருப்பூர் போகும் ஒரு தம்பியிடம் பேசினேன். தோளில் பை, கையில் அம்மா கட்டிக்கொடுத்த கேழ்வரகு மாவு. வேலைக்குப் போகிறேன் என்றான். பேசப் பேசத்தான் மற்றவை வந்தன: கிணறு வற்றிவிட்டது, அக்கா கல்யாணக் கடன் நிற்கிறது, பனியன் கம்பெனியில் சித்தப்பா மகன் இருக்கிறான். இவனை எந்தக் கட்டத்தில் போடுவது? என் ஆய்வே இந்தக் கேள்விதான்.

பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கமிருந்து திருப்பூர், ஓசூர், பெங்களூரு போனவர்கள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் அறிமுகப்படுத்துங்கள். போய்விட்டுத் திரும்பி வந்தவர்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. அவர்களை யாரும் கேட்பதே இல்லை. விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்களிடம் பேச, கூட வரக்கூடிய ஓர் அக்காவின் துணையும் தேவை. கள ஆய்வு செய்தவர்கள் என் கேள்வித்தாளைப் பார்த்துத் திருத்தித் தந்தால் பெரிய உதவி.

யார் பெயரையும் ஆய்வில் எழுத மாட்டேன். ஷிப்ட் முடிய நேரமாகும் என்று தெரியும். இரவு பத்து மணிக்கு மேல் என்றாலும் பேசுகிறேன்.