தாய்மொழியாளர்தான் நல்ல ஆசிரியரா?

கயல்:
பதினொரு ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். சென்ற மாதம் ஒரு இணையப் பயிற்சி நிறுவனம் என் குரல் பதிவை மட்டும் கேட்டு, "உச்சரிப்பு மிகத் தெளிவு" என்று சேர்த்துக்கொண்டது. முதல் வகுப்பில் கேமராவில் என் முகம் தெரிந்ததும் ஒரு மாணவரின் தந்தை கேட்டார்: "உண்மையான ஆங்கிலேயர் கிடைப்பாரா?" அன்று மாலையே என்னை நீக்கிவிட்டார்கள். குரல் அதேதான். நிறம்தான் புதிதாகத் தெரிந்தது.

செழியன்:
உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால் இதையெல்லாம் இனவெறி என்று சொல்லிவிட முடியாது. தமிழ் கற்க வரும் வெளிநாட்டவர் தமிழரைத் தேடினால் குறை சொல்வோமா?

கயல்:
பிறந்தது முதல் ஆங்கிலமே பேசி வளர்ந்த கறுப்பினத்தவர் வந்திருந்தால் அந்தத் தந்தை ஏற்றிருப்பாரா? முகம் காதையே மாற்றிவிடுகிறது. டொனால்ட் ரூபின் என்ற ஆய்வாளர் 1992இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வைப் பாருங்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரே பெண்ணின் குரல் பதிவு. ஒரு குழுவுக்கு ஐரோப்பிய முகத்தின் படம், மற்றொன்றுக்கு ஆசிய முகம். ஆசிய முகத்தைப் பார்த்த மாணவர்களுக்கு உச்சரிப்பு அந்நியமாகப் பட்டது. பாடமும் குறைவாகவே புரிந்தது.

செழியன்:
அது கேட்பவரின் கோளாறு, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் எது இயல்பான வாக்கியம், எது உறுத்துகிறது என்பது அந்த மொழியிலேயே வளர்ந்தவருக்குத்தானே சட்டென்று தெரியும்?

மருதன்:
தெரியும். ஏன் உறுத்துகிறது என்று விளக்கத் தெரியுமா? ஒரு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவரே அதற்குச் சிறந்த ஆசிரியர் என்பது, 1961இல் உகாண்டாவின் மக்கெரேரேயில் ஆங்கிலக் கற்பித்தல் குறித்து நடந்த காமன்வெல்த் மாநாட்டுக்குப் பின் வேரூன்றிய நம்பிக்கை. மொழியியல் அறிஞர் ராபர்ட் பிலிப்சன் 1992இலேயே இதைப் பொய்க்கோட்பாடு என்று எழுதிவிட்டார். ஒன்றைச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் மேற்குத் திசையும் பனியனும் தமிழ் எழுத்தில் ஒரே 'வெஸ்ட்'தான். அந்தக் குழப்பத்தில் தானே தடுமாறிய என் ஆசிரியை சொன்னார்: "உதட்டைக் குவித்தால் மேற்கு, மேற்பல் கீழுதட்டைத் தொட்டால் பனியன்." இரண்டே நிமிடத்தில் பிடிபட்டது. அதற்கு முன் ஓராண்டு கற்பித்த தாய்மொழியாளர், "நான் சொல்வதைக் கேட்டுத் திருப்பிச் சொல்" என்பதற்கு மேல் போகவே இல்லை.

செழியன்:
உதட்டு விளக்கம் அருமை. ஆனாலும் என் மகளுக்கு இருவகை ஆசிரியரும் வேண்டும் என்றுதான் நினைப்பேன்.

கயல்:
தாராளமாகத் தேடுங்கள். முதல் பத்து நிமிடம் மட்டும் கேமராவை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.