ஆண் ஆடும் ஆட்டம் இருக்கட்டும், பெட்டையைக் கவனியுங்கள்: காட்டு வாத்துகள் ஜோடி சேர்வதைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

காட்டு வாத்துகளின் காதலைப் பார்க்க வசந்தம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மல்லார்ட் என்ற பச்சைத் தலை காட்டு வாத்துகள் இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடும். முட்டையிடப் பல மாதம் இருக்கும்போதே பெரும்பாலானவை ஜோடியாகிவிடும்.

நான் பார்த்தது குளிர்காலக் காலை ஒன்றில். பச்சைத் தலை ஆண்கள் ஏழெட்டு, கழுத்தை உள்ளிழுத்துத் தலை இறகைச் சிலிர்த்துக்கொண்டு சும்மா மிதந்தன. திடீரென்று ஒன்று அலகு நுனியைத் தண்ணீரில் வைத்து, உடம்பை வில்லாக வளைத்து எழும்பியது. பெட்டை இருந்த பக்கமாக நீர்த்துளிகள் வரிசையாகத் தெறித்தன. கூடவே ஒரு மெல்லிய விசில், அடுத்து ஓர் உறுமல். ஒரு நொடிகூட ஆகியிருக்காது, பைனாகுலரைத் துடைக்கக் குனிந்தால் போச்சு. இந்த அசைவுகளை இனவாரியாக ஒப்பிட்டு விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் 1941-லேயே எழுதிவிட்டார். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

---

அண்ணா, அருமை. ஆனா எல்லாரும் ஆண்களையே பாக்குறோம். முடிவு பெட்டை கையிலதான். தனக்குப் பிடிச்ச ஆணோட சேர்ந்து நீந்திக்கிட்டே, வேண்டாத ஆண் பக்கம் தோளுக்கு மேல தலையைத் திருப்பித் திருப்பி அலகால குத்துற மாதிரி காட்டும். 'கக்கக்கக்'னு வேகமா ஒரு சத்தம் வேற. 'இவனை விரட்டு'ங்கிறதுதான் சேதி. அதைக் கேட்டு பக்கத்துல இருக்கற ஆண் விரட்டப் போனா, கிட்டத்தட்ட ஜோடி உறுதின்னு எடுத்துக்கலாம்.

இணை சேர்றப்போ ரெண்டும் எதிரெதிரா நின்னு தலையை மேலும் கீழும் ஆட்டும். பெட்டை தண்ணியோட தண்ணியாப் படுத்ததும் ஆண் பிடரி இறகைக் கவ்விக்கும். முடிஞ்சதும் ஆண் கழுத்தைத் தாழ நீட்டித் தலையாட்டிக்கிட்டே பெட்டையைச் சுத்தி ஒரு வட்டம் போகும். பெட்டையோ எதையும் கண்டுக்காம குளிக்க ஆரம்பிச்சிடும்!

---

கோல்டன்ஐ என்ற வாத்தினத்தின் ஆணைப் பார்த்தவர்கள் யாரும் இல்லையா? உச்சந்தலை முதுகின் பின்பகுதியைத் தொடும் அளவுக்குத் தலையைப் பின்னால் சாய்க்கும், அலகு வானத்தைப் பார்க்கும். உடனே காலால் ஓர் உதை, தண்ணீர் பின்னால் பறக்கும். ரடி வாத்து இன்னும் வேடிக்கை: நீல அலகால் தன் நெஞ்சையே படபடவென்று அடித்து, முன்னால் தண்ணீரில் குமிழ்களைக் கிளப்பும். என் ஓட்டு ரடிக்குத்தான்.

---

இதன் கசப்பான பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். வசந்தத்தில் பல ஆண்கள் ஒரே பெட்டையைத் துரத்தி நீருக்குள் அழுத்துவதைப் பார்த்திருக்கிறேன். பார்க்கவே பதறும். அதன் ஜோடி ஆண் சில சமயம் சண்டைக்கு வரும், சில சமயம் எட்டியே நிற்கும்.

பெரும்பாலான பறவைகளில் ஆணுக்குத் தனியாக இனப்பெருக்க உறுப்பு கிடையாது. வாத்துக்கு உண்டு, அதுவும் திருகுச் சுருளாக. பெட்டையின் பாதையோ எதிர்த்திசையில் சுருண்டது, நடுவே முட்டுச்சந்துப் பைகள் வேறு. இதை உயிரியலாளர் பாட்ரிசியா பிரென்னன் குழு 2007-இல் வெளியிட்டது. எந்த இனத்தில் ஆண் உறுப்பு நீளமோ, அந்த இனத்தில் பெட்டையின் பாதையும் சிக்கலானது. ஆக, வலுக்கட்டாயம் இவ்வளவு நடந்தும் மல்லார்ட் குஞ்சுகளில் பெரும்பாலானவை பெட்டை தேர்ந்தெடுத்த ஆணுக்கே பிறக்கின்றன. 'பெட்டை கையில்தான் முடிவு' என்று மேலே எழுதியவர் சொன்னது உடலுக்குள்ளும் பொருந்தும்.

---

சரி, பெட்டை அடைகாக்க உட்கார்ந்த பிறகு அந்த ஆண் எங்கே போனது என்று தேடினீர்களா? மல்லார்டில் சுமார் 28 நாள் அடைகாப்பது பெட்டை மட்டும். குஞ்சு வளர்ப்பதும் அதுவே. ஆண் மற்ற ஆண்களோடு ஒதுங்கி இறகுதிர்க்கப் போய்விடும், சில வாரம் பறக்கவும் முடியாது. பச்சைத் தலை போய்ப் பழுப்பாகிவிடுவதால் 'ஏரியில் பெட்டைகள் மட்டும்தான்' என்று பலர் எழுதுகிறார்கள். அலகைப் பாருங்கள்: ஆணுக்கு ஒரே சீரான மஞ்சள் பச்சை, பெட்டைக்கு ஆரஞ்சில் கருந்திட்டு. கூப்பாடு கேட்டாலும் தெரியும். கணீரென்று 'குவாக்' என்றால் பெட்டை, கரகரவென்று அடங்கிய குரல் என்றால் ஆண்.