முத்தொகுதி விலக்கு: கிரேகோர் கீசி கட்டுரைக்கு ஒரு கலைச்சொல்

அனைவருக்கும் வணக்கம்.

ஜெர்மன் இடதுசாரி அரசியல்வாதி கிரேகோர் கீசி பற்றிய கட்டுரைக்காக, ஒரு ஜெர்மன் தேர்தல் விதியின் பெயராக 'அடிப்படை ஆணைக் கூறு' என்ற சொல் இந்த இழையில் முன்வைக்கப்பட்டிருக்கிறது. 'கிருண்ட்மாண்டாட்ஸ்கிளவ்சல்' என்ற ஜெர்மன் சொல்லை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தமிழ்ச் சொல் வைத்திருக்கிறார்கள். அகராதிப்படி சரிதான். ஆனால் ஆணை என்றதும் நமக்கு அரசாணைதான் நினைவுக்கு வரும். தேர்தலில் ஜெயித்த இடம் என்று யாருக்கும் தோன்றாது. 'முத்தொகுதி விலக்கு' என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

ஜெர்மனியில் வாக்காளருக்கு இரண்டு வாக்குகள். ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றது கட்சிப் பட்டியலுக்கு. பட்டியல் வாக்கில் 5 விழுக்காட்டை எட்டாத கட்சிக்குப் பட்டியலிலிருந்து இடம் கிடையாது. ஆனால் மூன்று தொகுதிகளில் நேரடியாக வென்றுவிட்டால் அந்தத் தடை விலகிவிடும். வாங்கிய வாக்குக்கு ஏற்ற இடங்கள் மொத்தமும் கிடைக்கும்.

கீசியின் கதையில் இந்த விதி திரும்பத் திரும்ப வருகிறது. ராபர்ட் ஹாவமான், ருடால்ஃப் பாரோ போன்ற அரசு எதிர்ப்பாளர்களுக்காக வாதாடிய கிழக்கு பெர்லின் வழக்கறிஞர் அவர். 1989 டிசம்பரில், பெர்லின் சுவர் திறந்து ஒரு மாதம் ஆன நேரத்தில், கிழக்கு ஜெர்மனியின் ஆளுங்கட்சியாக இருந்து சரிந்துகொண்டிருந்த கட்சிக்குத் தலைவரானார். கட்சி பெயர் மாறி பிடிஎஸ் (ஜனநாயக சோசலிசக் கட்சி) ஆனது. 1994 தேர்தலில் அதற்குக் கிடைத்தது 4.4 விழுக்காடுதான். ஆனால் கிழக்கு பெர்லினில் நான்கு தொகுதிகளை வென்றிருந்தது. ஒன்றில் கீசி, இன்னொன்றில் எழுத்தாளர் ஸ்டெஃபான் ஹைம். அதனால் 30 பேர் நாடாளுமன்றத்துக்குள் போனார்கள்.

2002இல் கீசி போட்டியிடவில்லை. கட்சி 4 விழுக்காடு வாங்கி, இரண்டு தொகுதிகளில் மட்டும் வென்றது. 603 பேர் கொண்ட அவையில் பெத்ரா பாவ், கெசினே லோட்ச் என்ற இரண்டு பெண்கள் மட்டுமே கட்சியின் சார்பில் இருந்தார்கள். 2021இல், டீ லிங்கெ என்ற பெயரில், 4.9 விழுக்காடு. வென்ற தொகுதிகள் சரியாக மூன்று: கீசியின் டிரெப்டோ-கோபெனிக், லோட்சின் லிக்டென்பெர்க், லைப்சிக் நகரில் ஒன்று. உறுப்பினர்கள் 39 பேர். அதில் ஒரு தொகுதி கைநழுவியிருந்தால் மீண்டும் இரண்டு பேர்தான். இவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும் விதியின் பெயரிலேயே 'மூன்று தொகுதி' என்பது தெரிய வேண்டாமா?

ஒரு மறுப்பு வரலாம். 1953இல் ஒரே ஒரு தொகுதி போதுமானதாக இருந்தது. 1956 சட்டத்தில்தான் அது மூன்றானது. சரி, பழைய காலத்தைப் பற்றி எழுதும்போது 'ஒருதொகுதி விலக்கு' என்று எழுதிவிட்டுப் போகலாம். சொல் வளைந்துகொடுக்கிறது. 2023 திருத்தம் இந்த விலக்கையே எடுத்துவிட்டது. ஆனால் 2024 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதைத் தற்காலிகமாகத் தொடரச் செய்தது. அதை நம்பித்தான் கீசி, பார்ட்ஷ், ராமெலோ என்ற கட்சியின் மூன்று மூத்தவர்களும் தங்கள் நரைமுடியையே பிரசாரப் பெயராக்கிக்கொண்டு ஆளுக்கொரு தொகுதியில் இறங்கினார்கள். 2025 பிப்ரவரியில் கட்சி 8.8 விழுக்காடு வாங்கியதால் விலக்கு தேவைப்படவே இல்லை. அவையின் மிக நீண்டகால உறுப்பினர் என்ற முறையில் புதிய அவையின் முதல் கூட்டத்தைத் தொடங்கிவைத்தவரும் கீசிதான்.

அந்த 5 விழுக்காட்டுத் தடைக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். இலங்கைத் தேர்தல் செய்திகளில் 'வெட்டுப்புள்ளி' நெடுநாளாகப் புழங்குகிறது. அதையே எடுத்துக்கொள்வோம்.

அப்புறம், 'ஃபிராக்ட்சியோன்', அதாவது நாடாளுமன்றத்தில் ஒரு கட்சியின் உறுப்பினர்கள் சேர்ந்த அமைப்பு. இதற்கு 'அணி' வேண்டவே வேண்டாம். நம் செய்தித்தாள் வாசகருக்கு அணி என்றால் உடைந்த கட்சியின் ஒரு பாதி. 'சட்டமன்றக் கட்சித் தலைவர்' என்ற வழக்கு ஏற்கெனவே இருப்பதால் 'நாடாளுமன்றக் கட்சி' போதும். எண்ணிக்கை குறைந்தால் கிடைக்கும் தாழ்ந்த தகுதிக்கு 'நாடாளுமன்றக் குழு'. கட்டுரையில் இந்த வேறுபாடு கட்டாயம் வேண்டும்: 1990 முதல் 1998 வரை கீசி தலைமை தாங்கியது குழுவுக்கு, அதன் பிறகுதான் நாடாளுமன்றக் கட்சிக்கு.

கட்டுரையில் இப்படி எழுதலாம்: "1994இல் வெட்டுப்புள்ளியை எட்டாதபோதும், முத்தொகுதி விலக்கின்படி பிடிஎஸ் 30 இடங்களைப் பெற்றது." இதைவிடத் தெளிவான சொல் யாரிடமாவது இருந்தால், இதே வாக்கியத்தில் பொருத்தி எழுதி அனுப்புங்கள்.