இன்டர்காமில் பாதி போன்கள் மட்டும் வேலை செய்யவில்லை, சப்நெட் மாஸ்க் காரணமா?

நூல்கணக்கு:

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஈபிஏபிஎக்ஸுக்கு (இன்டர்காம் போன்களை இணைக்கும் பெட்டி) சர்வீஸ் பார்த்தவர் வருவதை நிறுத்தியபிறகு அந்த வேலையும் என் தலையில் விழுந்துவிட்டது. பெட்டி அவாயா ஐபி ஆபீஸ் 500. போன்கள் 1608 மாடல், மொத்தம் 22.

போன வாரம் அட்ரஸ் பத்தவில்லை என்று ரவுட்டரில் சப்நெட் மாஸ்க்கை (எந்தெந்த அட்ரஸ் ஒரே நெட்வொர்க் என்று சொல்லும் எண்) 255.255.255.0-லிருந்து 255.255.254.0 ஆக்கினார்கள். பழைய ரவுட்டரையும் கழற்றிவிட்டுப் புதிது வைத்தார்கள். மறுநாள் காலையில் ஒன்பது போன்கள் "டிஸ்கவர் 192.168.1.10" என்று காட்டியபடி அப்படியே நிற்கின்றன. அது பெட்டியின் அட்ரஸ்தான். மற்றவை நன்றாக ஓடுகின்றன. என் கம்ப்யூட்டரிலிருந்து பெட்டிக்குப் பிங் (தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது. முதலாளி இன்று மட்டும் மூன்று முறை கேட்டுவிட்டார்.

மின்னல்வேகம்:

பெட்டியை ஃபேக்டரி ரீசெட் பண்ணிடுங்க, எல்லாம் சரியாயிடும்.

பழையஒயர்:

தம்பி, அதை மட்டும் செய்துவிடாதீர்கள். எக்ஸ்டென்ஷன், லைன் எல்லாம் அழிந்துபோகும். டிஎச்சிபி (தானாக அட்ரஸ் கொடுக்கும் வசதி) கிடைக்காவிட்டால் பெட்டி 192.168.42.1 என்ற தன் பழைய அட்ரஸுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் தேடி அலைய வேண்டும்.

அந்த ஒன்பது போன்களின் அட்ரஸை முதலில் பார்த்துச் சொல்லுங்கள். மியூட் பட்டன், 2337, பிறகு #. ஒவ்வொன்றாகக் காட்டும். எதையும் மாற்றாமல் # அழுத்திக்கொண்டே போங்கள்.

நூல்கணக்கு:

பார்த்தேன் அண்ணா. கட்டிங் செக்ஷன் போன் 192.168.0.37. நிற்பவை ஒன்பதுமே 192.168.0 தான். ஓடுபவை எல்லாம் 192.168.1. என் கம்ப்யூட்டரும் 1-இல்தான் இருக்கிறது.

பழையஒயர்:

அதனால்தான் உங்கள் பிங் போனது, அதை நம்பி ஏமாறாதீர்கள்.

ரவுட்டரில் மாஸ்க் மாறியது, பெட்டியில் மாறவில்லை. புது மாஸ்க்கில் 192.168.0-உம் 192.168.1-உம் ஒரே தெரு. கட்டிங் போன் பெட்டியை நேராகவே கூப்பிடுகிறது. பெட்டியோ இன்னும் 255.255.255.0-இல் இருக்கிறது. முதல் மூன்று எண்ணும் ஒத்துப்போனால்தான் அதற்குச் சொந்தத் தெரு. 0.37-ஐப் பார்த்ததும் வெளியூர் என்று நினைத்துப் பதிலை கேட்வேக்கு, அதாவது வெளியே போகும் வழியாகப் பெட்டியில் குறித்திருக்கும் ரவுட்டருக்கு, அனுப்புகிறது. அந்த கேட்வே பழைய ரவுட்டராக இருந்தால் பதில் அங்கேயே தொலைந்தது. புது ரவுட்டராக இருந்தாலும், அது பேச்சின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட வாய்ப்பு உண்டு.

மேனேஜர் மென்பொருளில் கான்ஃபிகரேஷனைத் திறந்து முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். சிஸ்டம், லேன்1 பக்கத்தில் ஐபி மாஸ்க்கை 255.255.254.0 ஆக்குங்கள். அங்கேயே டிஎச்சிபி மோட் "டிஸேபிள்டு" என்று இருக்கிறதா பாருங்கள், ரவுட்டரும் பெட்டியும் சேர்ந்து அட்ரஸ் கொடுத்தால் வேறு கூத்து. ஐபி ரூட் பக்கத்தில் கேட்வே புது ரவுட்டராக இருக்க வேண்டும். சேமித்தால் ரீபூட் கேட்கும், எல்லா லைனும் கட்டாகும். ஷிஃப்ட் முடிந்து செய்யுங்கள்.

இன்னொன்று. நாளைக்கு இடம் பத்தவில்லை என்று 192.168.2-ஐ இதே மாஸ்க்கில் சேர்க்கப் பார்க்காதீர்கள், சேராது. 0-உம் 1-உம் ஜோடி, 2-உம் 3-உம் ஜோடி. கையால் அட்ரஸ் போட்ட பிரிண்டர், கைரேகை மெஷின் இருந்தால் அவற்றிலும் மாஸ்க்கை மாற்றுங்கள்.

நூல்கணக்கு:

ராத்திரி ஒன்பது மணிக்கு மாற்றினேன். ரீபூட் முடிந்ததும் ஒன்பதும் ஒவ்வொன்றாக எழுந்துவிட்டன. ஆனால் கேட் போன் மட்டும் வினோதம். கட்டிங்கிலிருந்து கூப்பிட்டால் மணி அடிக்கிறது, நாம் பேசுவது வாட்ச்மேன் அண்ணனுக்குக் கேட்கிறது, அவர் பேசுவது இந்தப் பக்கம் வரவில்லை. என் மேசைக்குக் கூப்பிட்டால் இரண்டு பக்கமும் கேட்கிறது.

பழையஒயர்:

அந்த போனுக்கு யாரோ கையால் அட்ரஸ் போட்டிருக்கிறார்கள். மணி அடிக்கப் பெட்டி வேண்டும், குரல் போனிலிருந்து போனுக்கு நேராகப் போகும். 2337 போட்டு மாஸ்க்கையும் ரவுட்டரையும் பாருங்கள். புள்ளிக்கு * அழுத்த வேண்டும்.

நூல்கணக்கு:

அதேதான் அண்ணா. மாஸ்க் 255.255.255.0, ரவுட்டர் என்ற இடத்தில் கழற்றிப்போட்ட பழைய ரவுட்டரின் அட்ரஸ். இரண்டையும் மாற்றிவிட்டுக் கட்டிங்கிலிருந்து கூப்பிட்டேன். "எத்தனை தடவைய்யா ஹலோ சொல்றது" என்றார்.