ஆயிரம் பேர் சேர்ந்து செய்யும் ஆராய்ச்சியில் ஒரு மாணவருக்கு என்ன வேலை இருக்கும்?

இளவேனில்:
எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம் படிக்கிறேன். நியூட்ரினோ (எதோடும் எளிதில் மோதாத நுண்துகள்) அல்லது கரும்பொருள் (டார்க் மேட்டர், கண்ணுக்குத் தெரியாத பொருள்) ஆய்வில் பிஎச்.டி. செய்ய ஆசை. ஆனால் எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் ஆசிரியர் பெயர்களே பக்கத்தை நிரப்புகின்றன. டியூன் என்ற நியூட்ரினோ திட்டத்தில் மட்டும் 30-க்கும் மேற்பட்ட நாடுகள், ஆயிரத்துக்கும் அதிகமான ஆட்கள். இவ்வளவு பேருக்கு நடுவே போய் நான் உருப்படியாக என்ன செய்துவிட முடியும்? பல நாடுகள் சேர்வதற்குச் செலவு ஒன்றுதான் காரணமா?

கதிரவன்:
செலவு பெரிய காரணம்தான். கனடாவில் 2 கி.மீ. ஆழச் சுரங்கத்தில் நடந்த எஸ்என்ஓ என்ற நியூட்ரினோ பரிசோதனைக்கு 1,000 டன் கனநீர் (கனமான ஹைட்ரஜன் கொண்ட நீர்) தேவைப்பட்டது. அதை விலை கொடுத்து வாங்க எந்த ஆய்வுக் குழுவாலும் முடியாது. அந்நாட்டு அணுசக்தி நிறுவனத்திடம் இரவல் வாங்கித்தான் நடத்தினார்கள்.

மீனாட்சி:
நான் ஆறு வருடம் ஒரு கரும்பொருள் பரிசோதனையில் இருந்தேன். முதல் ஒன்றரை வருடம் என் வேலை திருகாணிகளை அளப்பது. நீள அகலம் இல்லை, கதிரியக்கம். ஒவ்வொரு திருகாணிக் கட்டையும் ஆல்கஹாலில் கழுவி, இரட்டைப் பையில் போட்டு, கதிரியக்கத்தை அளக்கும் ஜெர்மானியம் டிடெக்டர் மேல் வைத்து, வெளிக் கதிர்வீச்சு வராதபடி சுற்றிலும் ஈயக் கட்டிகளை அடுக்கி மூடிவிட்டு இரண்டு வாரம் காத்திருப்பேன். எல்லா உலோகத்திலும் துளியளவு யுரேனியமும் தோரியமும் இருக்கும். நாங்கள் எதிர்பார்ப்பதோ கரும்பொருள் துகள்கள் எங்கள் கருவியில் மோதுவதை, அதுவும் வருடத்துக்கு ஒரு சில முறை. நம் திருகாணியே அதைவிட அதிகம் சத்தம் போட்டால் எதைக் கேட்பது?

ஒருமுறை, அதே கடை, அதே எண் கொண்ட திருகாணிதான், ஆனால் இரண்டாவது கட்டில் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் தெளிவாகத் தெரிந்தது. எஃகு உலைகளின் உட்சுவர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க கோபால்ட் வைப்பதுண்டு, அது உருகிய எஃகில் கலந்துவிடும். வாராந்தரக் கூட்டத்தில் சொன்னேன். எனக்கு இரவு பதினொரு மணி, இன்னொருவருக்கு அப்போதுதான் விடிந்திருந்தது. யாரும் மறுக்கவில்லை, உடனே ஒப்புக்கொள்ளவும் இல்லை. பாதியைப் பிரித்து வேறொரு நாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னார்கள். அங்கும் அதே எண் வந்த பிறகுதான் மொத்தக் கட்டையும் ஒதுக்கினோம். அன்றைக்குத்தான் கூட்டு ஆராய்ச்சி என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது. நம் அளவை நம்மைத் தெரியாத ஒருவர் வேறு கருவியில் அளந்து பார்ப்பது அது.

பெரிய அளவிலும் இதே கதைதான். இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் டாமா குழு 1990-களிலிருந்தே சோடியம் அயோடைடு படிகங்களில் பதிவாகும் மோதல்களில் வருடாந்தர ஏற்ற இறக்கத்தைப் பார்த்தது. பூமி சூரியனைச் சுற்றும்போது கரும்பொருளில் அதன் வேகம் மாறுவதால் வருவது என்கிறார்கள். ஸ்பெயினில் அனாய்ஸ், கொரியாவில் கோசைன் என்ற குழுக்கள், இரண்டும் அதே வகைப் படிகத்தில் தேடின. இருவருக்கும் அது தெரியவில்லை. ஆஸ்திரேலியாவில் ஒரு தங்கச் சுரங்கத்தில் சேபர் குழு இறங்கியிருப்பதும் இதற்காகத்தான். அங்கே கோடையும் குளிரும் தலைகீழ், கரும்பொருளின் கணக்கு மட்டும் மாறாது. ஒரே இடத்தில் எவ்வளவு பணம் கொட்டினாலும் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது.

கதிரவன்:
சரி, ஒத்துக்கொள்கிறேன் அக்கா. நாடு கடந்த கூட்டும் இந்தத் துறைக்குப் புதிதில்லை. 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டது மும்பையின் டிஐஎஃப்ஆர் (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்), ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் மூன்றும் சேர்ந்த குழு.

இளவேனில்:
நன்றி அக்கா. ஈயத்திலேயே கதிரியக்கம் இருக்காதா?

மீனாட்சி:
இருக்கும், நல்ல கேள்வி. புதிதாக உருக்கிய ஈயத்தில் ஈயம்-210 என்ற கதிரியக்க வகை இருக்கிறது, அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) சுமார் 22 வருடம். அதனால் கிரான் சாசோவில் இருக்கும் குவோரே குழு, இத்தாலியின் சார்டினியா தீவு அருகே சுமார் 2,000 வருடம் முன் மூழ்கிய ரோமானியக் கப்பலின் ஈயத்தை வாங்கிக்கொண்டது. அத்தனை காலத்தில் அந்த ஈயம்-210 சிதைந்தேபோயிருக்கும். கட்டிகளில் எழுத்து பொறித்த பகுதியை மட்டும் வெட்டித் தொல்லியலாளர்களிடம் திருப்பித் தந்தார்கள். அந்த ஈயக் கவசத்துக்குள் அவர்கள் தேடுவது, நியூட்ரினோவே தனக்கு எதிர்த்துகளா (மற்ற துகள்களுக்கு இருப்பதுபோல் எதிர் மின்னூட்டம் கொண்ட தனி இணை இல்லாமல்) என்பதை. ஆம் என்றால் இதுவரை நாம் உடையாது என்று நினைத்த ஒரு சமச்சீர்மை உடைந்துவிடும். உலகில் எதிர்ப்பொருளைவிடப் பொருள் ஏன் மிஞ்சியது என்பதற்கும் வழி தெரியலாம்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். பேராசிரியருக்கு எழுதும்போது "எனக்குக் கரும்பொருளில் ஆர்வம்" என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தக் குழு பரிசோதனையில் எந்தப் பகுதியைக் கட்டுகிறது, எதை அளக்கிறது என்று படித்துவிட்டு, அதில் ஒன்றைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். அதற்குள் பைத்தானும் புள்ளியியலும் நன்றாகப் பழகிவிடுங்கள். சால்டரிங் தெரிந்தால் இன்னும் நல்லது.