பூந்திக்கொட்டைக் கரைசல் நாலே நாளில் புளிக்கிறது, வெள்ளைத் துணி மஞ்சளடிக்கிறது: எங்கே தப்பு?

வேப்பமரத்தடி (கேள்வி)

100 கிராம் பூந்திக்கொட்டையை விதையோடு ஒரு லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்து, வடிகட்டி பாட்டிலில் வைக்கிறேன். நாலாம் நாளே புளிச்ச வாடை. மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வருகிறது. வெள்ளை பனியன், வேட்டி எல்லாம் மஞ்சளாகிவிட்டன. முன்பக்கம் திறக்கும் மெஷினில் எவ்வளவு ஊற்றுவது? எங்களுக்குப் போர் தண்ணீர்தான், உப்பு அதிகம். பட்டுப் புடவைக்கும் இதையே பயன்படுத்தலாமா?

கொல்லைக்கிணறு

முதலில் விதையை எடுங்கள். அழுக்கை எடுக்கும் சபோனின் தோலில்தான் இருக்கிறது. கொட்டையின் எடையில் ஏறக்குறைய பாதி விதை என்பதால், உங்கள் 100 கிராமில் உருப்படியானது 50, 60 கிராம்தான். கரைசல் நீர்த்துப் போவது அதனால்தான்.

விதை நீக்கிய தோல் 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். இரவு ஊறட்டும். காலையில் மூன்று லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் பாத்திரத்தில் சிறு தீயில் 20 நிமிடம். சின்னப் பாத்திரம் வைத்தால் நுரை பொங்கி அடுப்பெல்லாம் வழியும். இரும்புச் சட்டி வேண்டவே வேண்டாம், கரைசல் கறுத்துத் துணியில் சாம்பல் கறை ஏறும். ஆறியதும் கையால் நன்றாகப் பிசைந்து மெல்லிய துணியில் பிழியுங்கள். பிழியும்போது ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் கடுமையாக எரியும், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

புளிப்பதற்குக் காரணம் தோலிலுள்ள சர்க்கரைச் சத்து. வெளியே வைத்தால் நொதிக்கத்தான் செய்யும், அந்தக் காற்றும் அதனால்தான். கண்ணாடி பாட்டிலை இறுக மூடி வைத்தால் வெடிக்கவும் கூடும். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, வேண்டியபோது கட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். தோலாகவே காயவைத்து டப்பாவில் போட்டு, வாரா வாரம் புதிதாகக் காய்ச்சுவது இதையெல்லாம்விட நல்லது.

மெஷினுக்கு: 5 கிலோ துணிக்கு 100 மி.லி., சின்னக் கிண்ணத்தில் ஊற்றி டிரம்முக்குள்ளேயே வையுங்கள். சோப்பு அறையில் ஊற்றினால் மிச்சம் தங்கி அங்கேயும் புளிக்கும். காய்ச்ச நேரமில்லையா? ஆறு கொட்டைத் தோலைத் துணிப்பையில் கட்டி, பத்து நிமிடம் வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடு பையையும் டிரம்மில் போடுங்கள். மூன்று நான்கு தடவை வரும். தோல் வெளுத்துத் தொளதொளவென்று ஆகி, கசக்கினால் நுரை வரவில்லை என்றால் உரக்குழிக்குப் போகலாம்.

சாயத்தறி

பட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது குறைவு. பட்டு புரத இழை. சலவை சோடாவும் சாதாரணத் துணி சோப்பும் காரம், பட்டின் பளபளப்பைத் தின்றுவிடும். பூந்தியில் அந்தக் காரம் கிடையாது.

ஆனால் முதலில் சாயத்தைச் சோதியுங்கள். முந்தானையின் உள்மடிப்பில், பார்டரில், உடலில் என மூன்று இடத்தில் ஈரமான வெள்ளைத் துணியை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் வீட்டில் நனைக்காதீர்கள். ஒட்டாவிட்டாலும், கோர்வைப் புடவை (உடலையும் பார்டரையும் வேறு வேறு நிறத்தில் நெய்து கோத்தது) என்றால் பார்டரையும் முந்தானையையும் தனியே அலசிவிட்டுத்தான் உடலை நனைக்க வேண்டும். ஒரு வாளி குளிர்ந்த நீரில் 150 மி.லி. கலந்து, இரண்டு மூன்று நிமிடம் முக்கி எடுத்தால் போதும். ஊறவைக்கக் கூடாது, முறுக்கவும் கூடாது. துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, நிழலில் உலர்த்துங்கள்.

உவர்மண்

மஞ்சளுக்குப் பூந்தியை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கே மஞ்சள் என்று பாருங்கள். கழுத்துப்பட்டையிலும் அக்குளிலும் மட்டும் என்றால் உடம்பு எண்ணெய். பூந்தி மென்மையானது, அந்தப் பிசுக்கை முழுசாக எடுக்காது. அதற்கு ஒரு வாளி வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடாவை முழுக்கக் கரைத்து, வெள்ளைப் பருத்தியை அரை மணி ஊறவைத்துவிட்டுத் துவையுங்கள். சமையல் சோடா இந்த வேலையைச் செய்யாது. சோடாவோடு வினிகரைச் சேர்த்தால் நுரைக்கும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிடும், அழுக்குக்குப் பயனில்லை. பிளீச்சிங் பவுடரோடு வினிகரோ வேறு புளிப்போ சேரவே கூடாது, விஷவாயு கிளம்பும்.

துணி முழுக்க ஒரே சீராக மஞ்சள் என்றால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். வெள்ளை வாளியில் பிடித்து ஒரு இரவு அசையாமல் வைத்துப் பாருங்கள்.

வேப்பமரத்தடி

வைத்துப் பார்த்தேன். அடியில் செம்மண் மாதிரி படிந்திருக்கிறது, மேலே மெல்லிய ஆடை. பனியனும் முழுக்கவே மஞ்சள்.

உவர்மண்

அப்படியானால் இரும்புதான். இப்போதைக்குச் சலவை சோடாவைத் தொடாதீர்கள், இரும்பைத் துணியிலேயே படியவைத்துவிடும். பிளீச்சிங் பவுடரும் அந்தக் கறையை இன்னும் அழுத்தமாக்கும். எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) ஒரு மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் 5 லிட்டர், பிளாஸ்டிக் வாளி. வெள்ளைத் துணியை மட்டும் அரை மணி ஊறவைத்து, நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசுங்கள். பழைய மஞ்சளுக்கு இரண்டாம் தடவையும் தேவைப்படும். இனிமேல் வெள்ளைக்கு மட்டுமாவது தண்ணீரை முதல் நாளே டிரம்மில் பிடித்துவைத்து, படிந்த பிறகு மேல் தண்ணீரை மொண்டு கையால் துவையுங்கள்.

கொல்லைக்கிணறு

ஒன்று விட்டுப்போனது. துவைத்த தண்ணீரை மீன் வளர்க்கும் தொட்டியிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். சபோனின் மீனின் செவுளைப் பாதித்துக் கொன்றுவிடும்.