புதுப்பிப்பு: மீன் குட்டை மிதவையில் பிஎச் எகிறியது ஏன் என்று தெரிந்துவிட்டது

எங்கள் மீன் குட்டைத் தண்ணீரை அளக்க இஎஸ்பி32 என்ற சின்னக் கணினி போர்டு வைத்து ஒரு மிதவை செய்ததையும், வாளியில் சரியாக இருந்த பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மை) அளவு குட்டையில் இறக்கியதும் கண்டபடி எகிறுவதையும் போன மாதம் எழுதியிருந்தேன். பிஎச் ப்ரோப் (தண்ணீரில் முக்கி வைக்கும் சென்சார்) மேல் தப்பே இல்லை. வாளியில் அது மட்டும்தான் இருந்தது, குட்டையில் பக்கத்திலேயே தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் ப்ரோபும் தொங்குகிறது, அது தண்ணீரில் விடும் மின்சாரம்தான் இதைக் குழப்பியிருக்கிறது. இப்போது ஒரு ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) போட்டு, பிஎச் அளக்கும்போது டிடிஎஸ் போர்டின் எல்லா ஒயரையும், கிரவுண்டு உட்பட, துண்டித்துவிடுகிறேன். அளவு அசையாமல் நிற்கிறது.

அப்புறம் காலையில் 7.4, மதியம் 8.6 என்று வந்தது. மறுபடியும் கோளாறு என்று பிஎச் 4, 7 என்று முன்பே தெரிந்த பஃபர் கரைசல்களில் ப்ரோபைப் போட்டுப் பார்த்தேன், சரியாகவே காட்டியது. வெயிலில் பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் பிஎச் ஏறுகிறது, அவ்வளவுதான். இரவில் அதே பாசி ஆக்சிஜனைத் தின்பதால் மீனுக்கு ஆபத்தான நேரம் விடியலுக்குச் சற்று முன்புதான், ஆனால் ஆக்சிஜன் சென்சார் விலையைப் பார்த்து இன்னும் வாங்கவில்லை.

மற்றபடி பத்து நாளுக்கு ஒருமுறை ப்ரோபில் வழவழப்பு படிகிறது, கழுவ வேண்டும். சோலார் தகட்டில் கொக்கு உட்கார்ந்து எச்சம் போடுவதற்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை.